எதிரே நிற்பவரின் இடது

"இடது பக்கம்" என்று யாராவது அவர் காதில் விழும்படி சொல்லிவிட்டால் போச்சு. "யாரோட இடது?" என்று கேட்காமல் விடமாட்டார். பெரிய டாக்டராக இருந்தாலும் சரி, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவராக இருந்தாலும் சரி, தெருவில் வழி சொல்லும் முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும் சரி. அந்த ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் மூத்த டெக்னீஷியன் அவர். திரையில் நம் இடது கைப் பக்கம் தெரிவது, திரையில் இருப்பவருக்கு வலது. எதிரே ஒருவர் நின்றால் அவருடைய வலது கை நம் இடது கைக்கு நேரே இருக்கிறதே, அதே கணக்குதான். இதை மறந்த யாரோ நல்ல காலைத் திறந்துவிட்டு உடைந்த காலை விட்டுவிட்ட கதைகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. பாதி அவரே கட்டிவிட்டது என்று பேச்சு. அதனால் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயர் 'லெஃப்ட்ரைட்'. முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரே ஒரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார்.

அவருடைய அக்காவுக்கு இரட்டைப் பிள்ளைகள். கொஞ்ச நிமிஷம் முந்திப் பிறந்தவன் பெரியவன், அடுத்து வந்தவன் சின்னவன். வீட்டில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. உரித்து வைத்த மாதிரி இருப்பார்கள், ஆனால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. பெரியவன் சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணும், சின்னவனுக்கு மறுபக்கம். அவன் வலது கைக்காரன், இவன் இடது கைக்காரன். நடக்கப் பழகிய வயதில் ஆளுக்கொரு அறையிலிருந்து ஓடிவந்து நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவனுக்கு வலது புருவத்திலும் மற்றவனுக்கு இடது புருவத்திலும் அடி. மேலே தோலில் வடு, கீழே எலும்பில் ஒரு சின்னப் பள்ளம். அதற்கப்புறம் சொந்தபந்தமெல்லாம் அந்த வடுவைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். எந்த வடு யாருக்கு என்பது மட்டும், ஊருக்கெல்லாம் இடது வலது சொல்லித்தருகிற இந்த மாமாவின் மண்டையில் கடைசிவரை ஏறவில்லை. இரண்டு பேரையுமே "மாப்ளே" என்று பொதுவாகக் கூப்பிட்டு ஒப்பேற்றிவந்தார். எவனாக இருந்தாலும் திரும்பிப் பார்ப்பான்.

சின்னவன் அண்ணனை ஒரு நாளும் 'அண்ணா' என்று கூப்பிட்டதில்லை. எப்போதும் 'டேய்'தான். அக்கா கரண்டியை ஓங்குவாள். "மூத்தவன்டா, மரியாதையா கூப்பிடு."

"கொஞ்சம் முந்தி வந்தவனுக்கெல்லாம் மரியாதையா? அப்போ பஸ்ஸுல எனக்கு முன்னாடி ஏறினவனையும் அண்ணான்னுதான் கூப்பிடணும்" என்பான். பெரியவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்பா இல்லாத வீடு. இந்தச் சண்டையும் சிரிப்பும்தான் அந்த வீட்டை நிறைத்துக்கொண்டிருந்தன.

மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம், வேலை முடியப்போகிற நேரத்தில், இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரே பைக், எதிரே லாரி. ஆள் யாரென்று தெரியாவிட்டால் எழுதுகிற மாதிரி 'தெரியாத ஆண் ஒன்று', 'தெரியாத ஆண் இரண்டு' என்று கம்ப்யூட்டரில் பதிந்துவிட்டு அவர் வேலையை ஆரம்பித்தார். முகமெல்லாம் ரத்தமும் துணிக்கட்டும். இரண்டு தலைகளையும் தன் இரண்டு கைகளாலும் பிடித்து மேடையில் சரியாக வைத்தார். அப்போதும் தெரியவில்லை.

முப்பரிமாணப் படம் திரையில் ஏறும்போது முதலில் தோல்தான் வரும். அப்புறம் ஒரு பட்டையை நகர்த்தினால் தோல் கரையும், சதை கரையும், எலும்பு மட்டும் நிற்கும். 'இரண்டு' ஏறியது. கண்ணை மூடிய, நிறமில்லாத, களிமண்ணில் பிடித்தது போன்ற ஒரு முகம் திரையில் மெதுவாகத் திரும்பி அவருக்கு நேரே நின்றது.

"மாப்ளே" என்றார் அவர், தன்னை அறியாமல். கூட இருந்த நர்ஸ் யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள்.

'இரண்டு' ஆபரேஷன் அறையின் வாசலைத் தாண்டவில்லை. முகத்தில் எலும்பு ஒன்றும் உடையவில்லை, நெற்றித் தோல்தான் புருவத்தோடு சேர்ந்து ரோட்டில் உரசிப் போயிருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் ரத்தம் கொட்டிவிட்டது. 'ஒன்று'க்கு உயிர் இருந்தது, முகம் இல்லை. மேல்தாடை கழன்று, இரண்டு கன்னத்து எலும்பும் நொறுங்கி, மூக்கு உள்ளே போயிருந்தது. புருவத்துத் தோலைக் கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள். யார் போனது, யார் இருப்பது? போலீஸ்காரர் பெயர் கேட்டுக்கொண்டு நின்றார். ஒருவன் சட்டையை மற்றவன் போடுகிற பிள்ளைகள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பர்ஸ். போன்கள் தூள்தூளாகியிருந்தன.

அவருக்கு எலும்பு இருந்தது. தோலில் வடு போனாலும் எலும்பில் பள்ளம் போகாதே. அக்காவுக்குப் போன் போட்டார். அவள் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, பெரியவனுக்குப் புருவத்துல அடி எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்டா. ஏன்டா கேக்கற? என்னடா ஆச்சு? ஏன்டா கேக்கற?"

அவர் போனை வைத்துவிட்டார். உயிரோடு இருப்பவனின் படத்தைத் திருப்பினார். பள்ளம் அவனுடைய இடது புருவத்தில் இருந்தது. 'தெரியாத ஆண் ஒன்று' என்பதை அழித்துவிட்டுப் பெரியவனின் பெயரை எழுதினார். மற்றதில் சின்னவனின் பெயரை. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை.

அக்கா வந்து விழுந்தபோது, போனவனின் முகத்தைப் பார்க்க அவர் விடவில்லை. "வேணாம்க்கா. நல்லா இருந்த முகமே மனசுல இருக்கட்டும்" என்று வழியை மறித்து நின்றார். துணியைச் சுற்றியே கொடுத்தார்கள், சுற்றியபடியே அடக்கமும் முடிந்தது. அவள் சின்னவனே சின்னவனே என்று அழுதாள். அதைக் கேட்கச் சகிக்காமல் இவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்தார்கள். உயிரோடு இருந்தவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். கழுத்தில் மூச்சுக்குழாய், அதனால் குரல் கிடையாது. தாடையைக் கம்பி போட்டு இறுக்கியிருந்தார்கள், கழுத்தை அசைக்க முடியாதபடி பட்டி. வலது கை மாவுக்கட்டில். இடது கையைக் கட்டில் கம்பியில் மெத்தென்று ஒரு துணியால் கட்டியிருந்தார்கள். தையலைப் பிய்க்கிறானாம்.

அக்கா காலையிலும் மாலையிலும் உள்ளே போய் அவன் பக்கத்தில் நிற்பாள். ஒரு நாள் இவரும் கூட நின்றார். அவள் அவன் விரல்களைத் தடவிக்கொண்டே பேசினாள். "நீ இருக்கியேடா பெரியவனே. அது போதும்டா எனக்கு. நீ போயிருந்தா நான் அன்னிக்கே போயிருப்பேன். சின்னவன் போனதைத் தாங்கிட்டேன்டா, உன்னைன்னா தாங்கியிருக்க மாட்டேன்." நோயாளியைத் தேற்ற எதையாவது சொல்லத்தானே வேண்டும். கட்டிலில் இருந்தவன் அசையவில்லை.

முகச் சர்ஜன் ஒரு பெண்மணி, சுருக்கமாகப் பேசுகிறவர். படத்தை இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். முகம் உடைந்தால் சாதாரணமாக ஒரு வழி உண்டு. உடையாத பாதியைப் படத்தில் எடுத்து, கண்ணாடியில் காட்டுவது போலத் திருப்பி, உடைந்த பாதியின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். எந்தத் துண்டு எங்கே போய் உட்கார வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்த அளவில் பிளாஸ்டிக்கில் ஒரு மண்டையோட்டை அச்சடித்து, உலோகத் தகடுகளை முன்கூட்டியே அதன் மேல் வளைத்து வைத்துக்கொள்வார்கள்.

"ரெண்டு பாதியும் போயிடுச்சே. எதைத் திருப்புறது?" என்றார் சர்ஜன்.

"இன்னொருத்தன் படம் இருக்கு மேடம்" என்று இவர்தான் சொன்னார். "கண்ணாடிப் பிள்ளைங்க. அவனைத் திருப்பினா இவன்."

சொல்லிவிட்டார், வேலை அவர் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து தினமும் இறந்தவனின் படத்தைத் திறக்க வேண்டியிருந்தது. திறக்கும்போதெல்லாம் முதலில் அந்த முகம் வரும். பட்டையை நகர்த்தி எலும்புக்குப் போவதற்குள் ஒரு நொடி அவரைப் பார்த்துவிட்டுத்தான் கரையும். மூடிய கண்தான், ஆனாலும் பார்த்தது. அவர் திரையை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை மட்டும் நகர்த்தக் கற்றுக்கொண்டார். அப்படியும் விடவில்லை. வீட்டில் பல் துலக்கக் கண்ணாடி முன் நின்றால் அவன் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. ஏதோ சொல்ல வந்து, நீயே கண்டுபிடி என்று வாயை ஒரு பக்கம் கோணிக்கொண்டு நிற்கிற மாதிரி. அவர் பேய் பிசாசு என்று பேசுகிற ஆள் இல்லை. துக்கம் இப்படியெல்லாம் பண்ணும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வாயைக் கொப்பளித்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம், அக்கா ஸ்கேன் பிரிவுக்கே வந்துவிட்டாள். உள்ளே குளிரும் என்று முந்தானையைப் போர்த்திக்கொண்டு இயந்திரத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"தம்பி, சின்னவன் முகம் உங்கிட்ட படமா இருக்குன்னு நர்ஸ் சொன்னா. காட்டுடா."

"வேணாம்க்கா."

"அன்னிக்கும் வேணாம்னுதான் சொன்ன. மண்ணு போடறப்பவும் நான் பாக்கல. இன்னிக்கு காட்டாம நீ இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது, சொல்லிட்டேன்."

அக்காவின் அந்தக் குரல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். படத்தைத் திறந்தார். தோல் வந்தது. சிராய்த்த நெற்றி, மூடிய கண்கள். அவள் அழுவாள் என்று தயாராக இருந்தார். அவள் அழவில்லை. திரைக்குக் கிட்டே போய், கன்னத்தை விரலால் தொட்டு, அங்கே கண்ணாடி இருப்பதைத் தெரிந்துகொண்டு கையை எடுத்தாள்.

"நெத்தி ஏன்டா இப்படி இருக்கு?"

"தோல் உரசிடுச்சு. எலும்பு நல்லா இருக்கு, பாரு." அவளை அந்த முகத்திலிருந்து நகர்த்த வேண்டுமென்றே பட்டையைத் தள்ளினார். தோல் கரைந்து எலும்பு வந்தது. அது அவளைப் பயமுறுத்தவில்லை. பெற்றவளுக்கு எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது. குனிந்து புருவத்தைப் பார்த்தவள், அந்தச் சின்னப் பள்ளத்தில் விரலை வைத்தாள். அப்படியே திரும்பினாள்.

"நீ படத்தை மாத்திப் போட்டிருக்க. இது பெரியவன்."

"இல்லக்கா, இது சின்னவன்தான்."

"இடது பக்கம் இருக்கு பாருடா அடி. பெரியவனுக்குத்தான் இடது பக்கம்."

அவருக்குச் சிரிப்புகூட லேசாக வந்தது. எத்தனை நாள் கழித்து, பழைய பாடத்தை எடுக்க ஒரு ஆள். "படத்துல இடது பக்கம் தெரிஞ்சா அது அவனுக்கு வலதுக்கா. எதிர நிக்கிறவனோட வலது கை உன் இடது..." என்று ஆரம்பித்தவர், கையைத் தூக்கியபடியே நின்றார்.

"அவனுக்கு எதுவோ எனக்கெப்படித் தெரியும்? பொறந்ததுலேர்ந்து எதிர நின்னுதானே முகம் கழுவி விட்டேன், சோறு ஊட்டினேன். எனக்கு இடதுன்னா இந்தப் பக்கம்தான்" என்று திரையின் இடது பக்கத்தைத் தட்டினாள் அக்கா.

அவர் திரையையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி விடு. நீங்க கம்ப்யூட்டர்ல எதை எதையோ திருப்பித் திருப்பிப் போடுவீங்க. எனக்கு என்ன புரியுது" என்று அவளே சமாதானம் ஆகிவிட்டாள். தன் கண்ணை விடத் தம்பியின் படிப்பை நம்புகிறவள். திரையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கதவு சாத்தியதும் அவருக்கு ஒரு நப்பாசை வந்தது. காலையில்தான் இந்தப் படத்தைத் திருப்பி ஒரு பிரதி எடுத்திருந்தார். ஒருவேளை கைத்தவறுதலாக அந்தத் திருப்பிய படத்தைத் திறந்திருந்தால்? அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை. அவர் சொன்னதும் தப்பில்லை, அக்கா சொன்னதும் தப்பில்லை. திரையின் மூலையில் இருந்த குறிப்பைப் பார்த்தார். திருப்பாத படம்தான். இன்னொரு ஜன்னலில் உயிரோடு இருப்பவனைத் திறந்தார். இரண்டு மண்டையோடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இறந்தவனுக்குப் பள்ளம் வலது புருவத்தில். அக்கா அன்று போனில் 'இடது' என்று சொன்னது அதைத்தான். இருப்பவனுக்கு இடது புருவத்தில். அது அக்காவுக்கு 'வலது'. அது சின்னவன்.

'யாரோட இடது?' ஊர் உலகத்தையெல்லாம் அந்தக் கேள்வி கேட்டு நச்சரித்த வாய், கேட்க வேண்டிய ஒரே நாளில் மூடிக்கொண்டது. போனில் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் பெரியவன் தோல் இல்லாமல், உதடு இல்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளாக அவன் சொல்ல வந்தது இதைத்தானா என்று தோன்றியது. எழுந்து மேலே போனார்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். "இந்தக் கையை ஏன் கட்டினீங்க சிஸ்டர்?" என்று கேட்டார்.

"புருவத்துலயே கை போகுது சார். குத்திக் குத்திக் காட்டுவான். தையல் பிரிஞ்சிடும்னு கட்டினோம். அம்மா வந்து பெரியவனேன்னு கூப்பிட்டா போதும், கட்டிலே ஆடும். மருந்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சோம். இப்ப கொஞ்ச நாளா ரொம்ப நல்ல பிள்ளை. அம்மா ஏதோ பேசிட்டுப் போனாங்களே, அன்னிலேர்ந்து அடங்கிட்டான்."

அம்மா என்ன பேசினாள் என்று இவருக்குத் தெரியும். பக்கத்தில் நின்று கேட்டவர்தானே.

நர்ஸ் நகர்ந்ததும் துணி முடிச்சை அவிழ்த்தார். கண்கள் இப்போது கீற்றாகத் திறந்திருந்தன. "மாப்ளே" என்று பழக்கத்தில் வாய் போனது. நிறுத்திக்கொண்டார். குனிந்து காதுக்கருகில் சொன்னார்.

"சின்னவனே."

கழுத்துக் குழாயில் மூச்சு சீறியது. இடது கை மெல்ல எழுந்தது. போய்ச் சேருவதற்குள் இரண்டு தரம் தளர்ந்தது. கடைசியில் ஒரு விரல் இடது புருவத்துத் தையலின் மேல் நின்றது. நின்று, ஆமாம் என்பது போல ஒரு தட்டு தட்டியது.

அவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எத்தனை நாளாடா சொல்லிட்டே இருந்திருக்க. நாங்க கையைக் கட்டிப் போட்டோமேடா. நான்தான்டா உன் பேரை அழிச்சேன். இந்தக் கையாலதான் எழுதினேன்."

கை புருவத்தை விட்டு வந்தது. தடவித் தடவி அவர் முகத்தைக் கண்டுபிடித்து, உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தியது. பலமே இல்லாத கைதான். ஆனால் எடுக்கவில்லை.

சொல்லாதே என்கிறான். அம்மாவுக்குப் பெரியவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறான். சின்னவன் போனதைத் தாங்கிவிட்டாளாம், பெரியவன் போனால் தாங்க மாட்டாளாம். இருக்கிறவன் பெரியவனாகவே இருந்தால் எல்லோருக்கும் நல்லது என்று இந்தப் பயல் படுத்துக்கொண்டே கணக்குப் போட்டு முடித்திருக்கிறான். அவர் ஒரு நொடி அதற்குச் சம்மதிக்கவும் பார்த்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்கும் தெரியப்போவதில்லை. தன் தப்பும் மண்ணுக்குள் போய்விடும். ஆனால் இவனை இவன் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் போய்விடும். உயிரோடு இருக்கிறவனுக்கு அடக்கம் முடிந்துவிட்ட கதையாகிவிடும்.

அவர் அந்தக் கையை வாயிலிருந்து எடுத்து, முத்தம் கொடுத்து, போர்வை மேல் வைத்தார். கட்டவில்லை.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரே நின்றார்.

"அக்கா, அன்னிக்கு போன்ல இடது பக்கம்னு சொன்னியே. அது யாரோட இடது?"

"இதென்னடா கேள்வி? இப்பதானே சொன்னேன். என் இடதுதான்."

"நான் அவனோட இடதுன்னு எடுத்துக்கிட்டேன்க்கா. உங்கிட்ட கேக்கல. மாத்திச் சொல்லிட்டேன். உள்ள இருக்கிறது சின்னவன்."

துண்டை மடிக்கிற கை நின்றது. அவள் அவரையே பார்த்தாள். பிறகு அவள் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அதை அவரால் சாகிறவரை மறக்க முடியாது. "சின்னவன் இருக்கானா? என் சின்னவன் இருக்கானாடா?" என்று எழுந்துவிட்டாள். கதவை நோக்கி ஓடவே ஆரம்பித்தாள். பாதி வழியில் கால் நின்றது.

"அப்போ..." என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். அழுகை வாய்க்கு வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. பெரியவனுக்காக அவள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே. அவனைத் தாலாட்டிய பெயரைச் சொல்லி வேறொருவனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"முகத்தைப் பாக்கணும்னு கெஞ்சினேனேடா. நீ விடலையேடா, பாவி" என்றாள் கடைசியில். அவர் வாங்கிக்கொண்டார். அவள் அடித்திருந்தால் அதையும் வாங்கிக்கொண்டிருப்பார். பிறகு அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. கண்கள் பெரிதாயின.

"அவன்கிட்ட போய் நான் என்னடா சொன்னேன்... கேட்டிருப்பானா?"

"கேட்டுட்டான்க்கா."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போனவள் வழக்கமாக நிற்கும் பக்கத்தில் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், அவன் உச்சந்தலைக்கு மேலே குனிந்து நின்றாள்.

"இங்க நின்னா என் இடதும் இவன் இடதும் ஒண்ணுதானேடா?"

"ஆமாக்கா."

அவள் தன் இடது கையை அவன் இடது புருவத்தின் மேல், தையலில் படாமல் வைத்தாள். "சின்னவனே" என்றாள். "அம்மா அன்னிக்கு சொன்னேனே, அதைக் கேட்டு மனசை விட்டுடாதடா. இங்க படுத்திருக்கிறது நீன்னு தெரிஞ்சு நான் பேசியிருந்தாலும் அதையேதான்டா சொல்லியிருப்பேன். அவன் போனதைத் தாங்கிட்டேன், நீ போனா தாங்கமாட்டேன்னு. இருக்கிறவன்கிட்ட வேற என்னடா சொல்லுவா ஒரு அம்மா?"

அவன் கண்ணின் கீற்றிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. அக்கா சொன்னது நிஜமா, இல்லை அந்த நேரத்துக்கு அவளுக்குக் கிடைத்த பொய்யா என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதும் நல்லதுதான் போல.

சர்ஜனிடம் சொன்னபோது அவர் இரண்டு படங்களையும் மறுபடி உருட்டிப் பார்த்தார். பெயர் மாறியதில் வேலை ஒன்றும் மாறாது என்றார். அவனைத் திருப்பினால் இவன், அது எப்படிப் பார்த்தாலும் ஒன்றுதான். மற்றதையெல்லாம், போலீஸ், கல்லறைக் கல், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும், லெஃப்ட்ரைட் தானே போய்த் தலைகுனிந்து நின்று திருத்தினார். மேலிடத்து விசாரணையும் வந்தது. கேட்டதற்கெல்லாம் நான்தான் என்றார். அதற்கப்புறம் அவர் யாரிடமும் 'யாரோட இடது?' என்று அதட்டுவதில்லை. கேட்பார், ஆனால் மெதுவாகக் கேட்பார்.

அண்ணனின் எலும்பைத் திருப்பி வைத்த அளவில் தம்பியின் முகத்தைக் கட்டினார்கள். கட்டுப் பிரித்து, வீக்கம் வடிந்து, கழுத்துக் குழாயையும் எடுத்த பிறகு அவன் கையால் சைகை காட்டிக் கண்ணாடி கேட்டான். அக்கா தன் பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தாள். அதைக் கொடுத்திருக்க வேண்டாம் என்று மாமா நினைப்பதற்குள் அவன் வாங்கிவிட்டான்.

கண்ணாடிக்குள் ஒருவன் எதிரே நின்றான். புருவத்துப் பள்ளம் அக்கா 'இடது' என்று சொல்லுகிற பக்கத்தில் இருந்தது. புது உதடு கோணிய பக்கம்கூடப் பெரியவனுடையதுதான். சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தான். தாடையில் இன்னும் கம்பி இருந்தது. பல்லைத் திறக்காமல், பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடச் சொல்லாத அந்த வார்த்தையைச் சொன்னான்.

"அண்ணா."